மணி அடிக்கிறது, குரல் வரவில்லை: இணைய அழைப்புச் செயலியில் ஆடியோ கோளாறுகளைப் பிடிப்பது

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிவிடுகிறேன். எஸ்ஐபி (இணையத்தில் அழைப்பைத் தொடங்கி முடிக்கும் நெறிமுறை) அடிப்படையில் ஒரு குரல் அழைப்புச் செயலி எழுதுகிறீர்கள், ஆண்ட்ராய்டிலும் விண்டோஸிலும் ஓடுகிறது. சர்வர் ஆபீஸிலேயே இருக்கிறது, ரவுட்டரில் போர்ட் திறந்துவிட்டிருக்கிறீர்கள். ஆபீஸ் வைஃபைக்குள் நன்றாகப் பேச முடிகிறது. ஒருவர் மொபைல் டேட்டாவுக்குப் போனதும் மணி அடிக்கிறது, எடுக்கவும் முடிகிறது, ஆனால் ஒரு பக்கம்தான் கேட்கிறது. விண்டோஸிலிருந்து பேசினால் எதிர்முனையில் கரகரப்பு. போனை ஸ்பீக்கரில் போட்டால் எதிரொலி. கோடெக்கை, அதாவது குரலைச் சுருக்கி விரிக்கும் முறையை, ஜி.711இலிருந்து ஓபஸுக்கு மாற்றியும் மூன்றில் ஒன்றுகூடத் தீரவில்லை, வேறு எந்தக் கோடெக் போடலாம் என்கிறீர்கள்.

எதையும் போட வேண்டாம். உங்களிடம் இருப்பது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று கோளாறுகள். முதலாவது முகவரிச் சிக்கல், இரண்டாவது அநேகமாகக் கடிகாரச் சிக்கல், மூன்றாவது ஸ்பீக்கரில் என்ன ஒலிக்கிறது என்பது எதிரொலி நீக்கிக்குச் சரியாகத் தெரியாத சிக்கல். கோடெக் மாற்றிப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன், ஏனென்றால் அது ஒரு வரி வேலை. ஆனால் என் அனுபவத்தில் கோடெக் குற்றவாளியாக இருந்தது மிக அபூர்வம்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் நான் முதலில் செய்வது, குரல் போகும் பாதையை வெட்டி ஒவ்வொரு வெட்டிலும் கேட்பது. மைக்கிலிருந்து வந்த கையோடு ஒரு பதிவு, எதிரொலி நீக்கம், இரைச்சல் நீக்கம் எல்லாம் முடிந்து என்கோடருக்குப் போகும் முன் ஒன்று, எதிர்முனையில் டிகோடரிலிருந்து வெளிவந்ததும் ஒன்று, ஸ்பீக்கருக்குக் கொடுப்பதற்குச் சற்று முன் ஒன்று, நடுவில் இரண்டு முனைகளிலும் வயர்ஷார்க், டிசிபிடம்ப் போன்ற, நெட்வொர்க்கில் போவதைப் பிடிக்கும் கருவியில் எடுத்த பாக்கெட் பதிவு. பதிவுகளைத் தலைப்பு எதுவும் இல்லாத வெறும் பிசிஎம்மாகவே (சுருக்காத ஒலி எண்கள்) எழுதினால் போதும், ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்தியில் 'ரா டேட்டா' இறக்குமதி இருக்கிறது, 16 பிட், லிட்டில் எண்டியன், மோனோ, சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை ஒலி அளவீடு) இவ்வளவு என்று சொன்னால் திறந்துவிடும். இரண்டாம் பதிவு சுத்தம், மூன்றாவது அழுக்கு என்றால் கோளாறு இரண்டுக்கும் நடுவில்தான். இதற்கு அரை நாள் ஆகும். செய்யாமல் விட்டால் இரண்டு வாரம் ஆகும்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பதிவை ஆடியோ கால்பேக்குக்குள்ளிருந்தே (ஒவ்வொரு ஒலித் துண்டுக்கும் சிஸ்டம் கூப்பிடும் உங்கள் ஃபங்ஷன்) நேராக ஃபைலில் எழுதாதீர்கள். டிஸ்க் ஒரு கணம் தயங்கினாலும் கால்பேக் தாமதமாகி, இல்லாத கரகரப்பை நீங்களே உண்டாக்கிவிட்டு அதையே தேடிக்கொண்டிருப்பீர்கள். ஒரு ரிங் பஃபரில் (வட்டமாகச் சுழலும் தற்காலிக நினைவிடம்) போட்டு, வேறு திரெட் எடுத்து எழுதட்டும். மைக்குக்குப் பதிலாக ஒரு 'டோன்' போட்டுச் சோதிக்கும் பழக்கமும் நல்லதுதான், 8000 ஹெர்ட்ஸில் 1000 ஹெர்ட்ஸ் டோன் என்றால் ஒரு சுற்றுக்குச் சரியாக 8 சாம்பிள், எங்கே வெட்டுப்பட்டது என்பது கண்ணுக்கே தெரியும். ஆனால் இரைச்சல் நீக்கி ஓடிக்கொண்டிருந்தால், சீராக ஒலிக்கும் டோனை அது மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அமுக்கிவிடும். அப்போது யாராவது 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணிய பதிவைப் போடுங்கள். எண் விட்டுப்போனால் காது உடனே பிடித்துவிடும்.

சரி, ஒருபக்க ஆடியோ. எந்தப் பக்கம் கேட்கவில்லை என்று நீங்கள் எழுதவில்லை, இங்கே அதுதான் முழுத் துப்பு. மணி அடிப்பதும் எடுப்பதும் எஸ்ஐபி வேலை, அது சர்வர் வழியாகப் போய்விடுகிறது. குரல் தனி, ஆர்டிபி பாக்கெட்டுகளாக யுடிபியில் போகிறது, அதை எந்த முகவரிக்கு அனுப்புவது என்பதை ஒவ்வொரு முனையும் எஸ்டிபிக்குள் (எஸ்ஐபி செய்தியோடு போகும் ஆடியோ விவரக் குறிப்பு) தன் வாயாலேயே சொல்கிறது. 'சி' என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். வீட்டுக்குள் இருப்பவன் வெளியூர் ஆளிடம் 'நான் மாடியில் இருக்கிறேன், வா' என்று விலாசம் சொல்வதுபோல, பெரும்பாலும் அங்கே 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும் உள்முகவரி இருக்கும். மொபைலில் இருப்பவருக்குக் கேட்கவில்லை என்றால், போன் சொன்ன உள்முகவரிக்கு உங்கள் சர்வர் பாக்கெட் அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஆபீஸில் இருப்பவருக்குக் கேட்கவில்லை என்றால், சர்வர் தன்னுடைய 192.168 முகவரியைப் போனுக்குச் சொல்லியிருக்கிறது, வெளி முகவரியைச் சொல்லும்படி அதன் கான்ஃபிகரேஷனில் மாற்ற வேண்டும். ஆபீஸ் வைஃபைக்குள் இரண்டும் வேலை செய்ததில் ஆச்சரியமில்லை, அங்கே எல்லோரும் ஒரே வீட்டுக்குள்.

மொபைல் நெட்வொர்க்கில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரி வந்தால் ஏமாந்துவிடாதீர்கள், பார்க்க வெளி முகவரிபோல இருக்கும், ஆனால் அது சேவை நிறுவனங்கள் தங்கள் நெட்வொர்க்குக்குள்ளேயே பயன்படுத்திக்கொள்ள ஒதுக்கிய தொகுப்பு. ஆண்ட்ராய்டில் 192.0.0.4 என்று வந்தால் இன்னும் சுவாரசியம்: அந்த நெட்வொர்க் ஐபிவி6 மட்டுமே தருகிறது, பழைய செயலிகளுக்காகப் போனே ஒரு பொய்யான ஐபிவி4 முகவரியைக் கட்டிக்கொடுத்திருக்கிறது என்று பொருள். அந்த முகவரிக்கு வெளியிலிருந்து எதுவும் வந்து சேராது.

தீர்வு இரண்டு வகை. சர்வர் உங்கள் கையில் இருப்பதால் எளிதானது, போன் என்ன முகவரி சொன்னாலும் காதில் வாங்காமல், முதல் ஆர்டிபி பாக்கெட் நிஜமாக எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்பும்படி சர்வரை அமைப்பது. இதற்குப் போன் அனுப்புவதும் பெறுவதும் ஒரே போர்ட்டில் இருக்க வேண்டும், அப்புறம் போன்தான் முதலில் அனுப்பவும் வேண்டும். இந்த இரண்டாவதில்தான் பலரும் விழுவார்கள்: மியூட்டில் இருக்கும்போது பாக்கெட்டே அனுப்பாத செயலி என்றால், சர்வர் இதற்காகவும் இது சர்வருக்காகவும் காத்திருக்கும், இரண்டு பக்கமும் மௌனம். மியூட் என்றாலும் மௌனத்தையே பாக்கெட்டாக அனுப்புங்கள். யுடிபி பாதை சும்மா இருந்தால் சில ரவுட்டர்கள் 30 நொடியிலேயே அதை மூடிவிடும், அதற்கும் இதுவே மருந்து. சர்வர் இல்லாமல் போனுக்குப் போன் நேராகப் பேச வேண்டும் என்றால் ஸ்டன் (உங்கள் வெளி முகவரியைச் சொல்லும் சர்வர்), டர்ன் (நடுவில் நின்று கைமாற்றும் சர்வர்), ஐஸ் (வேலை செய்யும் பாதையைத் தேர்ந்தெடுக்கும் முறை) மூன்றும் தேவை. ஸ்டன் மட்டும் போதும் என்று நம்பி நிறுத்திவிடாதீர்கள், ஒவ்வொரு எதிர்முகவரிக்கும் வேறு வேறு போர்ட் கொடுக்கும் 'என்ஏடி'க்கு (உள்முகவரியை வெளி முகவரியாக மாற்றும் ரவுட்டர் வேலை) பின்னால் இருப்பவருக்கு ஸ்டன் சொன்ன போர்ட் பயன்படாது, நடுவில் டர்ன் சர்வர் நின்று கைமாற்றிவிட வேண்டும்.

வீட்டு ரவுட்டர்களில் 'எஸ்ஐபி ஏஎல்ஜி' என்று ஒன்று இருக்கும். உதவி செய்கிறேன் என்று எஸ்டிபிக்குள் கைவைத்து முகவரியை மாற்றும், பாதி மாற்றிப் பாதி விடும். அணைத்துவிடுங்கள். பயனர் வீட்டு ரவுட்டரை உங்களால் தொட முடியாது என்பதால் எஸ்ஐபியை டிஎல்எஸ் மறையாக்கத்தில் அனுப்புவது இன்னும் நல்லது, படிக்க முடியாததை அது திருத்த முடியாது. இதையொட்டி இன்னொன்று: அழைப்பு 32 நொடியில் தானாகத் துண்டித்தால் ஆடியோவைத் தேடாதீர்கள். ஏசிகே, அதாவது 'எடுத்தது தெரிந்தது' என்று அழைத்தவர் பக்கம் அனுப்பும் ஒப்புதல், போய்ச் சேரவில்லை. எஸ்ஐபியின் அடிப்படை டைமர் 500 மில்லிநொடி, அதன் 64 மடங்கு வரை காத்திருந்துவிட்டு எடுத்தவர் பக்கம் கைவிடுகிறது.

சில நேரம் பாக்கெட் ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கும், ஆனாலும் கேட்காது. அப்போது வயர்ஷார்க்கில் பேலோடை (பாக்கெட்டின் ஒலிப் பகுதி) திறந்து பைட்டுகளைப் பாருங்கள். ஜி.711இன் இரு வகைகளில், மியூ-லாவில் வரிசையாக எஃப்எஃப், ஏ-லாவில் வரிசையாக டி5 என்றால் அது மௌனம், எதிர்முனையின் மைக்கே ஒன்றும் தரவில்லை. ஆண்ட்ராய்டு 9 முதல், பின்னணிக்குப் போன செயலிக்கு மைக் பிழை எதுவும் சொல்லாமல் பூஜ்யங்களாகக் கொடுக்கும். திரை அணைந்ததும் குரல் நின்றுவிடுகிறது என்று புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, அழைப்பு நேரத்தில் ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் (திரையில் இல்லாதபோதும் அறிவிப்போடு ஓடும் சேவை) ஓடுகிறதா, அதன் வகையில் மைக்ரோபோன் குறிப்பிட்டிருக்கிறதா என்பதை.

இனி கரகரப்பு. இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, எப்படிக் கரகரக்கிறது என்று கேட்க வேண்டும். மழை பெய்வதுபோல ஓயாத இரைச்சல், பேச்சே தெரியவில்லை என்றால் பைட் வரிசை தலைகீழாகியிருக்கிறது, அல்லது எஸ்ஆர்டிபியின் மறையாக்கத்தைப் பிரிக்காமலே வாசிக்கிறீர்கள். பேச்சு புரிகிறது, ஆனால் உடைந்த ஸ்பீக்கரில் கத்துவதுபோல இருக்கிறது என்றால் மியூ-லாவை ஏ-லா என்று நினைத்துப் பிரிக்கிறீர்கள், பேலோட் வகை 0 என்றால் முதலாவது, 8 என்றால் இரண்டாவது. குரல் தடித்து இழுபட்டாலோ கார்ட்டூன் எலிபோலக் கீச்சிட்டாலோ சாம்பிள் ரேட். 16000இல் பதிந்ததை 8000இல் வாசித்தால் பாதி வேகம், இது உடனே தெரிந்துவிடும். 48000க்கும் 44100க்கும் உள்ள வித்தியாசம்தான் ஏமாற்றும்: குரல் கொஞ்சம் கனத்திருக்கும், சளி பிடித்திருக்கிறதா என்று எதிராளி கேட்பார், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு நொடியும் 3900 சாம்பிள் மிஞ்சிக்கொண்டே போய், பஃபர் நிரம்பி, குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு துண்டு காணாமல் போகும்.

ரோபோ பேசுவதுபோல இழுத்தால் பாக்கெட் தொலைகிறது அல்லது நேரம் தவறி வருகிறது, போன துண்டுக்குப் பதிலாக முந்தைய துண்டை நீட்டி ஒட்டுகிறது டிகோடர். இதைப் பார்த்ததும் பலரும் ஜிட்டர் பஃபரை (ஏறுமாறாக வரும் பாக்கெட்டுகளைச் சற்று நிறுத்திச் சீராக்கும் இடம்) 500 மில்லிநொடிக்கு ஏற்றிவிடுவார்கள். கரகரப்பு நிற்கும், உரையாடலும் நிற்கும், இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் 'நீங்க சொல்லுங்க' என்பார்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியுவின் ஜி.114 பரிந்துரை ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் நல்லது என்கிறது, அதில் கோடெக், நெட்வொர்க், பஃபர், ஒலி அட்டை எல்லாமே அடங்க வேண்டும்.

'டக் டக்' என்று சொடுக்கினால், அல்லது குரலோடு சேர்ந்து ஒரு வண்டு ரீங்காரமிட்டால், நெட்வொர்க்கைக் குறைசொல்வதற்கு முன் உங்கள் நிரலைப் பாருங்கள். உங்கள் விண்டோஸ் கோளாறு இதுவாகத்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். 20 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட் என்பதற்காக ஒரு லூப் போட்டு, அனுப்பு, ஸ்லீப்(20), அனுப்பு, ஸ்லீப்(20) என்று எழுதியிருக்கிறீர்களா? விண்டோஸின் இயல்பான டைமர் 15.6 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் துடிக்கிறது, 20 கேட்டால் அடுத்த துடிப்பான 31 வரை தூங்கிவிடும். நொடிக்கு 50 பாக்கெட் போக வேண்டிய இடத்தில் 32 போகும். மைக்கோ தன் வேகத்தில் கொட்டிக்கொண்டே இருக்கிறது, பஃபர் வழிந்து பேச்சில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கீழே சிந்துகிறது. இதற்குத்தான் ஓபஸ் போட்டுப் பார்த்தீர்கள், பாவம் ஓபஸ் என்ன செய்யும். டைமர் துல்லியத்தைக் கூட்டச் சொல்லும் ஏபிஐ இருக்கிறது, ஆனால் அது ஒட்டு வேலை. சரியான வழி, டைமரையே தூக்கிவிட்டு ஒலி அட்டையைக் கடிகாரமாக வைத்துக்கொள்வது: மைக்கிலிருந்து 20 மில்லிநொடி அளவுக்குச் சாம்பிள் சேர்ந்ததும் ஒரு பாக்கெட், அவ்வளவுதான். கால்பேக்குக்குள் திரெட்டுகளைக் காக்கவைக்கும் பூட்டு, மெமரி ஒதுக்கீடு, பதிவு ஃபைல் எழுதுவது எதுவும் கூடாது.

வயர்ஷார்க்கின் டெலிபோனி மெனுவில் ஆர்டிபி ஸ்ட்ரீம் அனாலிசிஸ் இதை ஒரு நிமிடத்தில் காட்டிவிடும். அனுப்பும் முனையிலேயே பிடித்த பதிவைத் திறந்து இரண்டு பாக்கெட்டுக்கு நடுவிலுள்ள இடைவெளியைப் பாருங்கள், அங்கேயே 31 என்று இருந்தால் நெட்வொர்க் நிரபராதி. கூடவே ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் டைம்ஸ்டாம்ப் (சாம்பிள் கணக்கில் நேரம்) எவ்வளவு ஏறுகிறது என்றும் பாருங்கள். ஜி.711க்கு 160. ஓபஸுக்கு 960, உள்ளே எந்த ரேட்டில் ஓடினாலும் ஆர்டிபி கணக்கில் அது எப்போதும் 48000தான், நீங்கள் கோடெக் மாற்றியபோது இதை மாற்றினீர்களா? ஜி.722 என்ற கோடெக்குக்கு 320 என்று நினைப்பீர்கள், 16000 ஹெர்ட்ஸ் ஆயிற்றே. இல்லை, 160தான். 1996இல் வந்த ஆர்எஃப்சி 1890 என்ற இணைய விதி ஆவணத்தில் தவறாக 8000 என்று எழுதிவிட்டார்கள், அதைத் திருத்தினால் ஏற்கெனவே ஓடும் கருவிகள் உடையும் என்று பிழையையே விதியாக வைத்துக்கொண்டார்கள்.

வேறொன்று, குறுகிய சோதனையில் சிக்காது. இரண்டு கம்ப்யூட்டர்களின் ஒலி அட்டைகளும் 48000 என்று சொல்லிக்கொண்டாலும் இரண்டும் அச்சாக ஒரே வேகத்தில் ஓடாது. பத்து லட்சத்தில் நூறு பங்கு வித்தியாசம் இருந்தால்கூட ஒரு மணி நேரத்தில் 360 மில்லிநொடி சேர்ந்துவிடும். 'ஆரம்பத்தில் நன்றாக இருந்தது, போகப்போகத் தாமதமாகிறது' என்ற புகார் இதுதான். ஜிட்டர் பஃபர் ஒலியை லேசாகச் சுருக்கியும் நீட்டியும் சமாளிக்க வேண்டும், வெப்ஆர்டிசி என்ற திறந்த நிரல் தொகுப்பின் ஜிட்டர் பஃபரான நெட்ஈக்யூ இதை நன்றாகவே செய்கிறது, சொந்தமாக எழுதும் ஆசை இருந்தால் அடக்கிக்கொள்ளுங்கள்.

சொந்தமாக எழுதிய ஒன்றில் நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் இருந்த இடத்தில் ஒரு வாடிக்கையாளர், நீளமான அழைப்புகளில் திடீரென்று எதிர்ப்பக்கக் குரல் நின்றுவிடுகிறது என்றார். சில நேரம் மூன்றாவது நிமிடத்தில், சில நேரம் பதினெட்டாவதில், எந்த ஒழுங்கும் இல்லை. ரவுட்டரை மாற்றச் சொன்னோம், மாற்றினார். இணைப்பை மாற்றச் சொன்னோம், அதையும் மாற்றினார், பாவம். கடைசியில் யாரோ ஒருவர் எதற்கோ ஆரம்ப வரிசை எண்ணைப் பூஜ்யம் என்று வைத்துச் சோதித்தபோது, ஒவ்வொரு முறையும் சரியாக 21 நிமிடம் 50 நொடியில் நின்றது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆர்டிபி வரிசை எண் 16 பிட், 65536 பாக்கெட், நொடிக்கு 50 என்றால் 1310 நொடி. எண் 65535ஐத் தொட்டு மறுபடி பூஜ்யத்துக்கு வந்ததும், 'இது பழைய பாக்கெட்' என்று எங்கள் ஜிட்டர் பஃபர் எல்லாவற்றையும் தூக்கியெறிந்துகொண்டிருந்தது. ஆரம்ப எண்ணைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விதி, அதனால்தான் நேரம் மாறி மாறி வந்தது. அந்த ஒப்பீட்டு வரியை எழுதியது நான்தான். இரண்டு எண்ணையும் கழித்து, விடையைக் குறியுள்ள 16 பிட்டாகப் படித்திருந்தால் போதும்.

எதிரொலிக்கு வருவோம். நீங்கள் பேசி உங்கள் குரலே உங்களுக்குத் திரும்பக் கேட்டால் கோளாறு எதிராளியின் கருவியில், அவர் ஸ்பீக்கரில் வந்தது அவர் மைக்கில் நுழைகிறது. இதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டு தங்கள் போனையே நோண்டுபவர்கள்தான் அதிகம். எதிராளியை ஹெட்செட் மாட்டச் சொல்லுங்கள். நின்றுவிட்டால் ஒலி வழி எதிரொலி. நிற்கவில்லை, துல்லியமாகத் திரும்பி வருகிறது என்றால் சர்வர் உங்கள் குரலை உங்களுக்கே திருப்பி அனுப்புகிறது, கான்ஃபரன்ஸ் மிக்ஸரில் ஒவ்வொருவருக்கும் அவர் குரலைக் கழித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். இன்னொன்று, இரண்டு போனையும் ஒரே மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் சோதிக்காதீர்கள். ஊளையிடும், எந்த நீக்கியாலும் நிறுத்த முடியாது. ஒருவர் பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளட்டும்.

எதிரொலி நீக்கி வேலை செய்ய அதற்கு இரண்டு ஓடைகள் வேண்டும், மைக்கில் வந்தது ஒன்று, ஸ்பீக்கருக்குப் போனது ஒன்று. இரண்டாவதில்தான் தவறு நடக்கிறது. டிகோடரிலிருந்து வந்ததை அதற்குக் கொடுத்துவிட்டு, பிறகு ரீசாம்பிள் செய்து (சாம்பிள் ரேட்டை மாற்றி) ஸ்பீக்கருக்கு அனுப்பும்போது நடுவில் சில துண்டுகளைத் தவறவிட்டால், அதற்குச் சொன்னதும் அறையில் ஒலித்ததும் வேறு வேறு. ஸ்பீக்கருக்குக் கடைசியாகக் கொடுப்பது எதுவோ அதையே அதற்கும் கொடுங்கள். மைக் ஓடையில் அதற்கு முன்னால் ஒலியைத் தானாக ஏற்றி இறக்கும் எதையும் வைக்காதீர்கள், ஏற்றம் நொடிக்கு நொடி மாறினால் அது கற்றுக்கொண்டதெல்லாம் வீண். ஆண்ட்ராய்டில் மைக்கின் மூலத்தை 'வாய்ஸ் கம்யூனிகேஷன்' என்று தேர்ந்தெடுத்தாலே பெரும்பாலான போன்கள் தங்கள் சொந்த நீக்கியை ஓடவிடும். அதற்கு மேல் வெப்ஆர்டிசியின் நீக்கியையும் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று குழப்பி, இருவரும் சேர்ந்து பேசும்போது ஒருவர் குரல் விட்டுவிட்டு வரும். ஒன்றை வையுங்கள். எது என்று கேட்டால், போனுக்குப் போன் தரம் மாறுவதால் மென்பொருள் நீக்கியைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன், ஆனால் மலிவான போன்கள் சிலவற்றில் உள்ளே இருப்பதே நன்றாக வேலை செய்வதையும் பார்த்திருக்கிறேன்.

புளூடூத் ஹெட்செட்டில் சோதிக்கும்போது பாட்டு அருமையாகக் கேட்டது, அழைப்பு வந்ததும் தகர டப்பா போல ஆகிவிட்டது என்றால் அது உங்கள் தவறில்லை. மைக் திறந்ததும் ஹெட்செட் அழைப்பு முறைக்கு மாறிவிடும், அதில் பெரும்பாலும் 8000 அல்லது 16000 ஹெர்ட்ஸ்தான். ஆனால் அந்த மாற்றத்தின்போது கருவியின் ரேட் மாறுவதை உங்கள் நிரல் கவனிக்காவிட்டால், மேலே சொன்ன இழுபட்ட குரல் வந்துவிடும், அது உங்கள் தவறு.

வரிசை என்று கேட்டால், 'சி' வரியை முதலில் பாருங்கள், பத்து நிமிட வேலை. அப்புறம் விண்டோஸின் ஸ்லீப். எதிரொலியை அதற்குப் பிறகு தொடுங்கள், பாக்கெட் விட்டுவிட்டு வரும் நிலையில் நீக்கியைச் சோதிப்பதில் பயனில்லை. எல்லாம் சரியானதும் ஒரு லினக்ஸ் பெட்டியை நடுவில் வைத்து, நெட்எம் என்ற, நெட்வொர்க் கோளாறைப் போலியாக உண்டாக்கும் கருவியில் 100 மில்லிநொடித் தாமதம், 30 ஜிட்டர், 3 சதவீத இழப்பு என்று போட்டு அரை மணி நேரமாவது ஓடவிடுங்கள், 21 நிமிடம் 50 நொடியைத் தாண்டவாவது செய்யும். அதன் பிறகும் கரகரத்தால் இரண்டு முனைப் பாக்கெட் பதிவையும் டிகோடருக்குப் பிந்தைய பிசிஎம்மையும் போடுங்கள், கேட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.